கரி வாசல் மிசாவோக்கா

ஷிரகினாய் நகராட்சியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஊரின் நிலக்கரிச் சுரங்கம் மூடி இருபது வருடம் ஆகியிருந்தது. வெளியூர்க்காரர்களை வரவழைத்து, ஊரை நடந்தே சுற்றிக் காட்ட வேண்டும். அதுதான் எனக்குக் கொடுத்த வேலை. என் பெயர் குசுமி. சப்போரோவில் சரித்திரம் படித்துவிட்டு வந்தவன். ஆறு மாதம் பழைய பதிவேடுகளைக் கிளறிப் பதினான்கு பக்கத்துக்கு ஓர் உரை தயாரித்தேன். எந்த வருடம் எத்தனை டன், எந்தச் சுரங்கம் எவ்வளவு ஆழம், எல்லாம் அதில் இருந்தது. லிஃப்ட் கோபுரம், விளக்கு அறை, குளியல் கூடம், தொழிலாளர் குடியிருப்பு, பள்ளிக்கூடம் என்று ஐந்து நிறுத்தங்கள். முதல் கோடையில் வந்தவர்கள் மிகவும் மரியாதையானவர்கள். கொட்டாவியைக்கூட வாயை மூடிக்கொண்டுதான் விட்டார்கள்.

குளியல் கூடத்தின் சாவி மிசாவோ அக்காவிடம் இருந்தது; ஊருக்கு அவர் மிசாவோக்கா. சுரங்கத்திலிருந்து மேலே வரும் ஆட்களுக்குச் சோப்பும் துண்டும் கொடுக்கும் வேலையில் பத்தொன்பது வருடம் இருந்தவர். சுரங்கம் மூடிய அன்று சாவியை யாரிடம் கொடுப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, வாங்கிக்கொள்ளவும் யாரும் வரவில்லை. அதனால் வீட்டு ஆணியிலேயே மாட்டி வைத்திருந்தார். வாரம் ஒருமுறை போய்ப் பெருக்கிவிட்டு வருவார். சுற்றுலா தொடங்கியபோது, கதவைத் திறந்துவிட ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை.

"கதவைத் திறப்பேன், மூடுவேன். பேசு கீசுன்னு எங்கிட்ட கேக்கக்கூடாது. நாலு பேரு முன்னாடி நின்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும் தம்பி."

இரண்டு மாதம் அப்படியே போனது. ஒருநாள் நான் பெரிய தொட்டியின் விளிம்பில் நின்று, "இந்தத் தொட்டியில் ஒரே நேரத்தில் எண்பது பேர் குளித்தார்கள்" என்று சொன்னேன். பின்னால் யாரோ மூக்கால் சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மிசாவோக்கா விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"தம்பி, அது பூட்ஸ் கழுவுற தொட்டி."

எல்லோரும் சிரித்தார்கள். முன் வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் கேட்டார்: "அப்போ குளிக்கிறது எதுலம்மா?"

மிசாவோக்கா விளக்குமாற்றால் சுட்டிக் காட்டினார். "அதோ, அது கரித் தொட்டி. அதுல முங்கி எழுந்தா பாதி ஆளு தெரியும். இது வெள்ளைத் தொட்டி. இதுல முங்கினா மீதி ஆளு தெரியும். வெள்ளைத் தொட்டியில கரி மிதந்துச்சுன்னா, எவனோ அவசரக்காரன் நேரா இதுல குதிச்சுட்டான்னு அர்த்தம். உடனே நான் இதே மாதிரி விளக்குமாத்தோட உள்ள போயிருவேன்."

"ஆம்பளைங்க குளிக்கிற இடத்துக்கா?"

"அலறிக்கிட்டு முப்பது பேரும் ஒரு மூலைக்கு ஓடுவாங்க. தப்பு பண்ணவன் மட்டும் ஓடமாட்டான். மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் தண்ணிக்குள்ள கிடப்பான். வெளிய வர்ற வரைக்கும் நான் நிப்பேன். எவ்வளவு நேரம்தான் கிடப்பான்?"

அன்றைக்கு அந்தக் கூட்டம் குளியல் கூடத்தை விட்டு நகர ஐம்பது நிமிடம் ஆனது. பள்ளிக்கூடத்தைப் பார்க்க நேரமே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலை நான் அவர் வீட்டுக்குப் போய், இனி நீங்களே முன்னால் நடங்கள் என்றேன். முடியாது என்று சொல்லிவிட்டு முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார். அந்த டன் கணக்கெல்லாம் தனக்கு வராது என்றார். டன்னே வேண்டாம் என்றேன். வருஷம் தப்பாகச் சொல்லிவிடுவேன் என்றார். வருஷமும் வேண்டாம் என்றேன்.

"அப்ப என்னத்தைத்தான் சொல்றது?"

"நேத்து சொன்ன மாதிரி."

"நேத்து நான் உங்களைத் திட்டினேன்."

"அதைத்தான் சொல்றேன்."

அப்படித்தான் மிசாவோக்கா எங்கள் வழிகாட்டி ஆனார். மஞ்சள் கொடியைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நடப்பார். கரடிகள் சத்தம் கேட்டு ஒதுங்கிப் போவதற்கான கரடி மணியை ஆட்டிக்கொண்டு நான் கடைசியில் வருவேன்; கரிக்கழிவு மேட்டுப் பக்கம் பெர்ரி பழுக்கும் காலத்தில் மணி இல்லாமல் யாரும் போவதில்லை. என் பதினான்கு பக்கங்கள் பைக்குள்ளேயே கிடந்தன.

மிசாவோக்கா பிறந்தது ருமோய் துறைமுகத்தில். அப்பா மீன்பிடிப் படகில் இருந்தவர். எங்கள் ஊர்க் குளியல் கூடத்தில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்த சித்தி, ஓர் ஆள் குறைகிறது என்று எழுத, பத்தொன்பது வயதில் கிளம்பி வந்தார். முதல் நாள் முதல் ஷிஃப்ட் மேலே வந்தபோது நடந்ததைச் சுற்றுலாவில் சொல்லுவார்: "கதவு திறந்துச்சு. நாப்பது ஜோடி கண்ணு உள்ள வந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல, கண்ணு மட்டும். நான் சித்தி முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன்."

குளியல் கூடத்துக்கு இரண்டு வாசல். கரியோடு வருகிறவர்கள் முன்வாசலில் நுழைந்து, சின்ன ஜன்னலில் சோப்பும் துண்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். குளித்து, வேறு உடுப்பு போட்டுக்கொண்டு, பின்வாசலில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். முன்வாசலைக் கரி வாசல் என்றும் பின்வாசலை வெள்ளை வாசல் என்றும் சொல்வது வழக்கம். மிசாவோக்கா உட்கார்ந்தது கரி வாசல் ஜன்னலில். ஆகவே தினம் நானூறு பேரைப் பார்த்தாலும், கரிக்குப் பின்னால் இருக்கும் முகம் எது என்று அவருக்குத் தெரியாது.

அங்கே நின்றுதான் தன் கல்யாணக் கதையைச் சொல்லுவார். சுற்றுலாவுக்கு ஆட்கள் தேடி வரத் தொடங்கியதே அந்தக் கதைக்காகத்தான்.

மூன்றாவது ஷிஃப்டில் உயரமான ஓர் ஆள் வருவான். எல்லோரையும்போல அவனுக்கும் கண் மட்டும்தான் முகம். ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றால் வாய் சும்மா இருக்காது. "என்ன பொண்ணே, உன் மூஞ்சியில மட்டும் கரியே இல்ல. நீ வேலைக்கே வரலையா?" என்பான். "ஒரு சோப்பு பத்தாது, என் உயரத்தைப் பாரு, நடுவுல தீந்துபோனா நீயா வந்து தருவே?" என்பான். பின்னால் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் முறைப்பார். ஒருநாள், "ருமோய்ல இருந்து வந்தியாமே. அதான் துண்டுல மீன் வாடை அடிக்குது" என்றான். அதை மட்டும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஜன்னலில் பால் புட்டியும் விற்றார்கள். குளித்து முடித்த ஆட்கள் சிலர் வெளியே சுற்றிக்கொண்டு வந்து பால் குடித்துவிட்டுப் போவார்கள். அதில் ஒரு பையன், வெள்ளைச் சட்டை, ஈரத் தலை, படு கூச்சத்தில் தோளைக் குறுக்கிக் குனிந்தே நிற்பான். "ஒரு பால்" என்பதற்கு மேல் பேசமாட்டான். குடித்துவிட்டுப் புட்டியைத் துடைத்துத் திருப்பிக் கொடுப்பான். மீன் வாடை பேச்சு நடந்த அன்று, மனசு தாங்காமல் மிசாவோக்கா அந்தப் பையனிடம் கொட்டித் தீர்த்துவிட்டார். அந்தக் கரியன் இப்படிப் பேசுகிறான், உங்க ஷிஃப்ட்தானே, கொஞ்சம் சொல்லி வையுங்கள் என்றார். பையன் தலையைக் குனிந்து முழுக்கக் கேட்டுக்கொண்டான். "சரிங்க" என்றான்.

மறுநாள் கரியன் வந்து நின்றான். "நேத்து யாரோ என்னைப் பத்திப் பால்காரப் பையன்கிட்டப் புகார் சொன்னாங்களாமே? நல்ல பையன்தான், கட்டிக்கிறவ குடுத்து வச்சவ. ஆனா ஒண்ணு, குறட்டை விடுவான்."

இப்படியே ஒன்றரை வருடம். கரியன் வம்பு பண்ணுவான், பால்காரன் புகாரைக் கேட்டுக்கொள்வான். ஒரு வசந்த காலத்தில், பால் வாங்க வந்த பையன் அவசரத்தில் சரியாகக் குளிக்காமல் வந்துவிட்டான். காதுக்குப் பின்னால் கரி. சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் பித்தளை எண் வில்லையை மணிக்கட்டிலிருந்து கழற்ற மறந்திருந்தான், நானூற்றுப் பதினேழாம் எண். ஜன்னலுக்கு முன்னால் வந்து நிற்கும் உயரக் கரியனின் வில்லையும் நானூற்றுப் பதினேழு.

"நான் ஒண்ணும் பேசல" என்பார் மிசாவோக்கா. "பால் புட்டியைக் குடுக்கல. இன்னொரு சோப்பை எடுத்துக் குடுத்தேன். போய் ஒழுங்காக் குளிச்சிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்னேன். அக்டோபர்ல கல்யாணம். ஒருத்தரைக் கட்டிக்கிட்டேன், ரெண்டு பேரு கிடைச்சாங்க."

கூட்டம் கை தட்டும். அப்போது ஒரு பெருமூச்சு விட்டுச் சேர்த்துக்கொள்வார்: "என்ன, கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வாயாடி வீட்டுப் பக்கமே வரல. சுரங்கத்துலயே தங்கிட்டான்போல."

அந்தக் கணவர், தொகுஜி அண்ணன், உயிரோடு, ஊரிலேயே, குளியல் கூடத்துக்கு அடுத்த தெருவில்தான் இருந்தார். பழைய குடியிருப்பில் ஒரு வரிசை இடிக்கப்பட்ட இடத்தில் சோளம் போட்டிருந்தார். மூன்று வருடமாக மனைவி எங்கோ கதவு திறந்துவிடப் போகிறாள் என்றுதான் நினைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை கூட்டுறவுக் கடையில் டோஃபு வாங்கிக்கொண்டிருந்தபோது இரண்டு பெண்கள் அவரை அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஏன்டி, இந்த உயரத்தைப் பாரு. ஐயா, நீங்கதானே அந்தப் பால்காரரு?"

"இல்ல, இவருதான் கரியன்!"

"ரெண்டும் ஒண்ணுதானேடி!"

டோஃபுவை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாராம். அன்று சாயங்காலம் மனைவியிடம், "அந்தக் கதையை இனிமே சொல்லாதே" என்றார். நாற்பது வருடத்தில் அவர் இதைச் செய்யாதே என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கூச்ச சுபாவம், நாலு பேர் சிரிப்பது பிடிக்கவில்லை என்று மிசாவோக்கா எடுத்துக்கொண்டார். கதையை நிறுத்திவிட்டார்.

எனக்குத்தான் கஷ்டம். ஒபிஹிரோவிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் கதை எங்கே என்று கேட்பார்கள். "அதுக்கு லீவு விட்டிருக்கு" என்பார் மிசாவோக்கா. பூட்ஸ் தொட்டியைக் காட்டிவிட்டுக் கொடியைத் தூக்கிக்கொண்டு நடப்பார். வீட்டு நிலவரத்தை என்னிடம் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார்.

"சாப்பிட்டதும் சோளக்காட்டுக்குள்ள போயிடறாரு. கூப்பிட்டா பதில் இல்ல. காத்துல சோளந்தான் தலையாட்டுது. கோவம்னா கோவம்னு சொல்ல வேண்டியதுதானே? வெக்கம்னா வெக்கம்னு சொல்ல வேண்டியதுதானே?"

செப்டம்பர் நடுவில் பதினோரு பேர் கொண்ட ஒரு குழு வந்தது. அதில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, குள்ளமான ஒரு பெண். பெயர் ஹிசானோ. சைதாமாவிலிருந்து தனியாக வந்திருந்தாள். கையில் ஒரு புகைப்படம். அப்பா போன பிப்ரவரியில் இறந்துவிட்டார், இளவயதில் இங்கே வேலை பார்த்தவர், தன் அம்மாவைக் கட்டிக்கொள்ளும் முன்பே இந்த ஊரை விட்டு வந்துவிட்டார், தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கோபுரத்தடியிலும் விளக்கு அறையிலும் கேட்டாள். குளியல் கூடத்தில் மிசாவோக்காவிடம் படத்தை நீட்டினாள்.

"முகத்தை வச்சு எனக்கு ஒண்ணும் சொல்ல வராதே கண்ணு. நான் பாத்ததெல்லாம் கரி முகம். பேரு என்ன?"

"யசோகிச்சி."

"கேட்ட பேருதான்…" என்று இழுத்தார். ஹிசானோ படத்தை மெதுவாகப் பைக்குள் வைக்கப் போனாள்.

எனக்குச் சட்டென்று பதிவேடு ஞாபகம் வந்தது. பைக்குள்ளிருந்து என் காகிதங்களை வெளியே எடுத்தேன். பதினான்கு பக்கத்துக்கும் பின்னால், யாருக்கும் வாசித்துக் காட்டாத பெயர்ப் பட்டியல் ஒன்று இருந்தது. மூன்றாம் ஷிஃப்ட், பதினோராம் குழு. நானூற்றுப் பதினாறு, யசோகிச்சி, கரி வெட்டுபவர். அடுத்த வரி, நானூற்றுப் பதினேழு, தொகுஜி, உதவியாளர்.

"அக்கா, இவங்க அப்பாவோட உதவியாள் உங்க வீட்டுக்காரர்தான்."

மிசாவோக்கா காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தார். "இந்த மனுஷனா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே!" கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பதினோரு பேரும் நானும் பின்னாலேயே போனோம். நான் மணியை ஆட்டிக்கொண்டே போனேன்.

சோளக்காட்டு ஓரத்தில் நின்று குரல் கொடுத்தார். "ஏங்க! வெளிய வாங்க. ஆளுங்க வந்திருக்காங்க."

சோளம் அசையவில்லை.

"கதை சொல்றதுக்குக் கூப்பிடல. யசோகிச்சின்னு ஒருத்தராம், அவரோட மக வந்திருக்கு!"

நடுவில் எங்கோ இலைகள் முறிகிற சத்தம் கேட்டது. தொகுஜி அண்ணன் வெளியே வந்தார். தொப்பியில் சோளப் பூ. கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, படத்தை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அண்ணனுக்கு முடி இவ்வளவு கொட்டிருச்சா?"

ஹிசானோ சிரித்துவிட்டாள். பிறகு, அப்பா இறந்த விஷயத்தைச் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினார். காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கடைசி வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தாராம்மா?"

"யாரு, அப்பாவா? அப்பா பேசவே மாட்டாரே. அம்மாகிட்ட உப்பு கேக்கறதுன்னாகூட யோசிப்பாரு."

"என்னம்மா சொல்ற? யசோகிச்சி அண்ணனா?" அவர் எங்கள் எல்லோரையும் பார்த்தார், யாராவது மறுத்துச் சொல்லமாட்டார்களா என்பதுபோல. "பூமிக்கு அடியில அறுநூறு மீட்டர்ல அவரு வாய் மூடி நான் பாத்ததில்ல. எலிக்கெல்லாம் மேலதிகாரிங்க பேரு வச்சிருந்தாரும்மா. சோறு திங்கும்போது, 'டேய், மேனேஜர் வந்துட்டாரு, டப்பாவை மூடு'ம்பாரு. ஒரு நாளு நெசமாவே மேனேஜர் வந்து நின்னாரு. அண்ணன் திரும்பிப் பாக்காமயே, 'அதுக்கு ஒரு துண்டு முள்ளங்கி ஊறுகாய் போடுறா, போயிரும்'னுட்டாரு!"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஹிசானோ வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த ஊர்ப் பேச்சுவழக்கைக் கேட்டுச் சைதாமாவில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் கேலி செய்தார்களாம், அன்றிலிருந்து அப்பா வாயை மூடிக்கொண்டாராம் என்று அம்மா ஒருமுறை சொன்னதாகச் சொன்னாள். மூடினது மூடினதுதான், அப்புறம் பழகிப்போய்விட்டது.

தொகுஜி அண்ணன் தலையை ஆட்டினார். தொப்பியைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். காது நுனி வரை சிவந்துவிட்டது.

"மிசாவோ, நீ சொல்ற கதை தப்பு."

"எந்தக் கதை?"

"நம்ம கதை. அந்தப் பேச்செல்லாம் நான் பேசினது இல்ல."

மிசாவோக்கா கொடியைத் தோளிலிருந்து இறக்கினார்.

"அண்ணன் குள்ளம். ஜன்னலுக்கு முன்னாடி நான் நிப்பேன், என் முதுகுக்குப் பின்னாடி அவரு நிப்பாரு. சோப்பு, மீன் வாடை, எல்லாம் அவருதான். நீ அண்ணாந்து என்னை முறைப்பே. நான் என்ன பண்றது? திரும்பிக் காட்டிக்குடுக்க முடியுமா? எனக்கு மேல இருக்கறவரு. அப்புறம் பால் வாங்க வந்தா எங்கிட்டயே புகார் சொன்னே. அதை அவருகிட்டப் போய்ச் சொன்னேன். அவருக்கு ஒரே குஷி. 'டேய், பொண்ணு உங்கிட்டப் பேச ஆரம்பிச்சிட்டா, வாயைத் திறந்து கெடுத்துடாதே, மீதியை நான் பாத்துக்கறேன்'னாரு."

"நல்ல பையன், கட்டிக்கிறவ குடுத்து வச்சவன்னு சொன்னது…"

"அவருதான்."

"குறட்டை?"

"அதுவும் அவரு சொன்னதுதான். ஆனா உண்மை."

"நாப்பது வருஷம்! ஏங்க சொல்லல?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்ல வந்தேன். அண்ணன் ஆகஸ்ட்லயே சைதாமா போயிட்டாரு. நீ ஊரெல்லாம் போயி, ஒருத்தரைக் கட்டிக்கிட்டா ரெண்டு பேரு கிடைக்கிறாங்கன்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்தே. அதுல ஒருத்தனைத் திருப்பி வாங்கிக்க எனக்கு மனசு வரல."

மிசாவோக்கா கொடியைக் கீழே போட்டார். கோபமாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சிரிப்புதான் வந்தது. சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் சோளத்தட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பெண்கள் கை கொடுத்துத் தூக்கினார்கள்.

"அதான் கடையில அப்படி ஓடி வந்தீங்களா? வெக்கம்னு நினைச்சேன்!"

"அடுத்தவன் பேச்சுக்கு எனக்கு எதுக்குக் கைதட்டு?"

"போங்க, போங்க. நான் அந்த வாயாடியையா கட்டிக்கிட்டேன்? தலையைக் குனிஞ்சு நின்னு என் புகாரைக் கேட்டவரைத்தானே கட்டிக்கிட்டேன். அந்த வேலையை யாரும் உங்களுக்குச் செஞ்சு குடுக்கலையே?"

தொகுஜி அண்ணன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். பெட்டியை விட்டு எழுந்து எங்களோடு நடந்தார்.

ஹிசானோ அந்த ஜன்னலை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். திட்டப்படி நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய நேரம். வழியெல்லாம் மிசாவோக்கா அவளுக்கு அந்தப் பழைய கதையைச் சொல்லிக்கொண்டே வர, எல்லோரும் குளியல் கூடத்துக்குத் திரும்பினோம். மிசாவோக்கா உள்ளே போய் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தார். தொகுஜி அண்ணனை முன்னால் நிறுத்தினோம். ஹிசானோ அவருக்குப் பின்னால் போய் நின்றாள். நான் ஜன்னல் பக்கமிருந்து எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் முழுக்க மறைந்துபோனாள். ஒரு தலைமுடிகூடத் தெரியவில்லை.

"எங்கே அந்தப் பொண்ணு?" என்றார் மிசாவோக்கா.

"இங்கதான் இருக்கேன்."

தொகுஜி அண்ணனின் சட்டைப் பொத்தான் பேசுவதுபோல் இருந்தது. கூட்டத்தில் ஒருவர், "அடடா, நானா இருந்தாலும் ஏமாந்திருப்பேன்" என்றார்.

"ஏதாவது பேசு கண்ணு. உங்க அப்பா மாதிரி."

அந்தப் பெண் பின்னால் அழுகிறாளோ என்று நான் பயந்தேன். பிறகு குரல் வந்தது, கொஞ்சம் நடுங்கினாலும் நன்றாகவே வந்தது. "ருமோய்ல இருந்து வந்தீங்களாமே? துண்டுல மீன் வாடை அடிக்குது!"

மிசாவோக்கா பழைய பழக்கத்தில் அண்ணாந்து கணவரை முறைத்தார். அப்புறம் எக்கி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, அவர் முழங்கையைத் தாண்டித் துழாவி, அந்தப் பெண்ணின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் ஹிசானோவை அவர்கள் ரயிலுக்கு விடவில்லை. சோளம் அவித்து, கணவாய் மீன் சுட்டு, எலிகளின் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும்வரை உட்கார வைத்துவிட்டார்கள். மொத்தம் ஒன்பது எலி. அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். மறுநாள் காலை ரயில் நிலையத்தில் அவளுக்குச் சோள மூட்டை கட்டிக் கொடுத்தார் தொகுஜி அண்ணன். அவளால் தூக்க முடியவில்லை, பாதியை நான் அஞ்சலில் அனுப்பினேன்.

அடுத்த வாரமே கதைக்கு லீவு முடிந்தது. இப்போது அது முன்னைவிட நீளம். தொகுஜி அண்ணன் கரடி மணியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு கடைசியில் நடந்து வருகிறார். குளியல் கூடத்தில் மட்டும் முன்னால் வந்து ஜன்னலெதிரே நிற்பார், குழுவில் குள்ளமானவர் ஒருவரைப் பின்னால் நிறுத்துவார். பேசுவது அவர்கள் இஷ்டம். ஒருமுறை குஷிரோவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் பின்னால் நின்று பேசிய பேச்சை நான் எங்கேயும் எழுத முடியாது. மிசாவோக்கா விளக்குமாற்றை எடுத்துவிட்டார்.

போன வருடம் பனி அதிகம். மார்ச்சில் குளியல் கூடக் கூரையின் ஒரு மூலை இறங்கிவிட்டது. பொறியாளர் வந்து பார்த்து, உள்ளே யாரும் போகக்கூடாது என்று கயிறு கட்டிவிட்டுப் போனார். அந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டு நாலு நிறுத்தமாக வைத்துக்கொள்ளலாம் என்று என் மேலதிகாரி சொன்னார். மிசாவோக்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "அப்ப என்னையும் எடுத்துடுங்க" என்று சொல்லி, பொறியாளர் போட்ட கயிற்றுக்கு எந்தப் பக்கம் வரை நிற்கலாம் என்று வரைபடத்தில் விரலால் கோடு போட்டுக் காட்டச் சொன்னார். மேலதிகாரி காட்டினார். பின்பக்கம் கயிற்றுக்கு வெளியே இரண்டு மீட்டர் இடம் இருந்தது.

தொகுஜி அண்ணன் மூன்று நாள் அங்கே புதர் வெட்டிப் பாதை போட்டார். பழைய சுரங்கக் கட்டைகளை அடுக்கி ஒரு படி கட்டினார். மே மாதம் முதல் குழு அந்தப் படியில் ஏறி நின்று, பின் ஜன்னல் வழியாக இரண்டு தொட்டிகளையும் எட்டிப் பார்த்தது. முன்னைவிட நன்றாகவே தெரிந்தது. ஒரு பெண்மணி கைப்பையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, தலையை முழுக்க உள்ளே நீட்டினார்.

"நல்லாப் பாத்துக்கோங்க, நல்லாப் பாத்துக்கோங்க" என்றார் மிசாவோக்கா கொடியை ஆட்டி. "அந்தக் காலத்துல இப்படி எட்டிப் பாத்திருந்தா ஊரே கூடி உதைச்சிருக்கும். இப்ப நகராட்சியே படி கட்டிக் குடுக்குது!"